ஆறு பாவித்த கணினிகளும் எனக்குச் சொல்லப்படாத உரிம வகையும்

பாவித்த கணினி வாங்கப் போகிறவர்கள் செயலி எத்தனையாம் தலைமுறை, நினைவகம் எவ்வளவு, வன்தட்டு எஸ்.எஸ்.டி.யா என்று விசாரிப்பார்கள். அதற்குள் இருக்கும் விண்டோஸ் எந்த வகை உரிமத்தில் ஓடுகிறது என்று விசாரிக்கும்படி எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. விற்றவருக்கு அது தெரிந்திருந்தது; அவரும் சொல்லவில்லை. அதனால் எனது தட்டச்சு நிலையம் 2024ஆம் ஆண்டில் பட்ட பாட்டையும், கைவிட்டுப் போன பணத்தையும், பிறகு நானே தேடிப் படித்து அறிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ரியூட்டறி நடத்துகிறவர்கள், தொடர்பாடல் நிலையம் வைத்திருப்பவர்கள், பிள்ளையின் உயர்தரப் படிப்புக்கென்று ஒரு கணினி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எனப் பலரும் இத்தகைய கணினிகளையே வாங்குவதால், எனக்கு நடந்தது வேறு பலருக்கும் நடந்துகொண்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எனது நிலையம் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்தியிலிருந்து அதிக தூரமில்லாத ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சுச் செய்து ஒழுங்குபடுத்துவதும், 31ஆம் நாள் நினைவு மலர்களை வடிவமைப்பதும், பாடசாலைச் சஞ்சிகைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பதும் எங்கள் வேலை. பழைய கணினிகள் தளர்ந்துவிட்டதால், நகரத்தில் உள்ள ஒரு கடையில் ஒரே மாதிரியான ஆறு மேசைக் கணினிகளை ஒன்று 62,000 ரூபா வீதம் வாங்கினேன். அவை ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில் பாவித்துக் கழித்தவை. உடல் உறுதியானவை, வேகமும் எங்களுக்குப் போதுமானது. ‘ஒறிஜினல் விண்டோஸும் ஒபிஸும்’ போட்டுத் தருவதற்கென்று கணினி ஒன்றுக்கு மேலதிகமாக 6,000 ரூபா கேட்டார்கள்; அதையும் கொடுத்தேன். அந்த 36,000 ரூபாவுக்குப் பற்றுச்சீட்டில் எழுதப்பட்டது ‘சொப்ட்வெயார்’ என்ற ஒரே ஒரு சொல். “தம்பி, இது ஒறிஜினல்தானே, பிறகு ஒரு பிரச்சினையும் வராதே?” என்று நான் கேட்டபோது, கடையில் நின்ற இளைஞர் விண்டோஸின் அமைப்புகளைத் திறந்து, செயற்படுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லும் வரியைக் காட்டி, “பாருங்கோ அக்கா, அக்ரிவேற் ஆகித்தானே இருக்கு, வேற என்ன வேணும்?” என்றார். காணியைச் சுற்றி வேலி அடைத்திருப்பது வேறு, காணிக்கு உறுதி இருப்பது வேறு என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கணினியில் அந்த உறுதியை எங்கே எடுத்துப் பார்ப்பது என்பதைத்தான் கடையில் எவரும் சொல்வதில்லை.

முதல் மாதங்களில் ஒரு குறையும் இருக்கவில்லை. மாணவர்கள் கொண்டுவரும் பென்ட்ரைவ்களில் வைரஸ் தொல்லை அதிகம் என்பதால், பணம் கொடுத்து ஓர் அன்ரிவைரஸ் வாங்கி ஆறு கணினிகளிலும் நிறுவினேன். அது முதல் தடவை துழாவியபோதே ஒவ்வொன்றிலும் ‘ஓட்டோ கே.எம்.எஸ்.’ என்று பெயர் குறித்து ஒரு நிரலைப் பிடித்து அகற்றியது. அதன் பிறகும் வேலைகள் வழமைபோல நடந்தன. சில மாதங்கள் சென்றபின், உங்கள் விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகும் என்ற அறிவித்தல் ஒரு கணினியில் தோன்றியது. அடுத்தடுத்த நாள்களில் மற்றவற்றிலும் தோன்றியது. பிறகு திரையின் பின்னணி கறுப்பாகியது. விண்டோஸைச் செயற்படுத்துங்கள் என்ற சாம்பல் நிற எழுத்து வலது கீழ் மூலையில் வந்து எந்தச் சாளரத்தைத் திறந்தாலும் அதன் மேல் நின்றது. வேர்ட்டின் தலைப்புப் பட்டை சிவப்பாகிச் செயற்படுத்தல் தோல்வி என்று காட்டியது. கனடாவிலிருந்து வந்திருந்த ஒருவர் அப்போது எனக்குப் பக்கத்தில் இருந்து, தகப்பனாரின் நினைவு மலருக்கான படங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு, “அக்கா, இது களவாய்ப் போட்ட சொப்ட்வெயாரோ?” என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. காசு கொடுத்து வாங்கியது என்று சொன்னேன். அதைக் காட்டுவதற்கு என்னிடம் இருந்ததோ அந்த ஒற்றைச் சொல் எழுதிய சீட்டுத்தான்.

அமைப்புகளில் ‘அக்ரிவேசன்’ பக்கத்தைத் திறந்தால், உங்கள் நிறுவனத்தின் செயற்படுத்தும் சேவையகத்தோடு தொடர்புகொள்ள முடியவில்லை என்றும், 0எக்ஸ்சி004எப்074 என்ற வழுக்குறியும் இருந்தன. எனக்கு எந்த நிறுவனம், எந்தச் சேவையகம்? இந்த இடத்தில் இருந்துதான் நான் தேடத் தொடங்கினேன். கே.எம்.எஸ். என்பது பல்கலைக்கழகம், வங்கி, திணைக்களம் போன்ற பெரிய இடங்களுக்கு மைக்ரோசொப்ட் வழங்கும் தொகுதி உரிமத்தின் ஒரு வழிமுறை. அங்கே கணினிகள் தனித்தனியே மைக்ரோசொப்டைத் தொடர்புகொள்வதில்லை. நிறுவனத்தின் உள்வலையமைப்பில் இருக்கும் ஒரு சேவையகத்திடம் உரிமத்தைப் பெற்றுக்கொள்கின்றன. அந்த உரிமம் 180 நாள்களுக்கு மட்டுமே செல்லும். கணினி 7 நாள்களுக்கு ஒரு தடவை சேவையகத்தை நாடி அதைப் புதுப்பித்துக்கொள்ளும். விண்டோஸ் கணினிகளுக்கு இந்தச் சேவையகம் உரிமம் வழங்கத் தொடங்குவதற்கே குறைந்தது 25 கணினிகள் அதை நாடியிருக்க வேண்டும். இது முற்றிலும் முறையான ஏற்பாடு; பல்கலைக்கழகத்தின் கணினி ஒன்றில் இதைக் கண்டால் அதில் ஒரு தவறும் இல்லை. எனக்கு விற்கப்பட்ட கணினிகளிலோ, அத்தகைய சேவையகம் ஒன்று இருப்பதாக விண்டோஸை நம்பவைக்கும் ஒரு சிறு நிரலை இட்டிருந்தார்கள். அன்ரிவைரஸ் அகற்றியது அதைத்தான். அதை அகற்றிய பிறகு புதுப்பித்தல் நின்றது. கடைசிப் புதுப்பித்தலிலிருந்து 180 நாள்கள் முடிந்தபோது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காலாவதியாகின. கடையில் எனக்குக் காட்டப்பட்ட அந்த வரியை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இத்தகைய கணினியில் அந்த வரி, ‘உங்கள் நிறுவனத்தின் செயற்படுத்தும் சேவையைப் பயன்படுத்தி’ விண்டோஸ் செயற்படுத்தப்பட்டிருக்கிறது என்றுதான் இருக்கும். தனி ஆளாக நீங்கள் வாங்கும் கணினியில் அந்தத் தொடர் இருந்தால், அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

எனக்குப் பணத்தைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது இன்னொரு காரணத்துக்காக. அந்த நிரல் பிடிபடாமல் இருப்பதற்காக, விண்டோஸோடு வரும் பாதுகாப்பு மென்பொருள் சில கோப்புறைகளைத் துழாவக் கூடாது என்று விலக்குப் பட்டியலும் போட்டிருந்தார்கள். அதாவது, யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரல், கணினியின் முழு அதிகாரத்தோடு, பாதுகாப்பின் கண் படாத ஓர் இடத்தில் மாதக்கணக்கில் இயங்கியிருக்கிறது. எனது கணினிகளில் மாணவர்களின் வெளியிடப்படாத ஆய்வுத் தரவுகள் இருக்கும். தேசிய அடையாள அட்டைப் பிரதிகள் இருக்கும். இறந்தவர்களின் குடும்ப விபரங்கள் இருக்கும். அவை எங்கேனும் போயினவா என்பதை அறிவதற்கு எனக்கு வழியில்லை. கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றினேன். அதற்கு மேல் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

கடைக்குப் போனபோது, அன்ரிவைரஸ் போட்டதால்தான் பழுதாகிவிட்டது என்றார்கள்; அதை எடுத்துவிட்டு மீண்டும் ‘போட்டுத் தருவதாக’ச் சொன்னார்கள். அதற்கு நான் உடன்படவில்லை. ஆய்வேடுகளை ஒப்படைக்க வேண்டிய காலம் நெருங்கிக்கொண்டிருந்ததால், இணையத்தில் விளம்பரம் செய்த ஒருவரிடம், விண்டோஸைச் செயற்படுத்துவதற்கு இடும் ‘கீ’ எனப்படும் எழுத்துத் தொடர்களில் ஆறை, ஒன்று 3,500 ரூபா வீதம் வாங்கினேன். 21,000 ரூபா. வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் ரீற்றெயில் கீ என்று எழுத்திலேயே தந்திருந்தார். அவை வேலை செய்தன. காலாவதித் திகதியைக் காட்டும் கட்டளையை இயக்கியபோது, இக்கணினி நிரந்தரமாகச் செயற்படுத்தப்பட்டுள்ளது என்றுதான் வந்தது. சில வாரங்களில் ஒரு கணினியின் வன்தட்டு பழுதாகி, புதிய தட்டில் விண்டோஸை நிறுவி அதே கீயைக் கொடுத்தபோது 0எக்ஸ்சி004சி020 என்ற வழு வந்தது. எம்.ஏ.கே. வகைக் கீ தனது எல்லையைக் கடந்துவிட்டது என்பது அதன் பொருள். எம்.ஏ.கே. என்பதும் நிறுவனங்களுக்கான தொகுதி உரிமமே. ஒரே கீயைக் கொண்டு குறிப்பிட்ட எண்ணிக்கையான தடவைகள் மைக்ரோசொப்டிடம் நேரடியாகச் செயற்படுத்தலாம். எங்கேயோ ஒரு நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட கீயைப் பலருக்கும் பங்குபோட்டு விற்றிருக்கிறார்கள். விற்றவர் அதன் பிறகு எனது அழைப்புக்குப் பதில் சொல்லவில்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், எம்.ஏ.கே. கீயில் செயற்படுத்திய கணினியும் நிரந்தரம் என்றே காட்டும். ஆகையால் காலாவதித் திகதி இல்லை என்பதை வைத்து உரிமம் சரியானது என்ற முடிவுக்கு வரக் கூடாது.

உரிம வகையைப் பார்க்கும் வழி மிக எளிது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே எடுக்கும். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு ஒன்றைப் போட்டு, அதோடு ஒட்டி டி, எல், ஐ என்ற மூன்று எழுத்துகளையும் எழுதி என்ரர் அழுத்துங்கள். சில நொடிகளில் ஓர் அறிவித்தல் பெட்டி வரும். முதல் வரியில் விண்டோஸின் பதிப்பு இருக்கும். இரண்டாவது வரியான விபரிப்பின் முடிவில் ‘சனல்’ என்ற சொல்லும், அதற்கு முன்னால் உரிமத்தின் வகையும் இருக்கும். முழு விடயமும் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. அங்கே ‘ஓ.ஈ.எம். டி.எம்.’ என்று இருந்தால், கணினியைத் தயாரித்த நிறுவனம் தாய்ப்பலகையின் நிலைப்பொருளிலேயே, அதாவது அந்தப் பலகையில் நிலையாகப் பதிந்திருக்கும் மென்பொருளிலேயே, கீயைப் பதித்து விற்றிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. அந்த உரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அந்தக் கணினியோடு முடியும். பாவித்த கணினி வாங்குகிறவருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை, ஏனெனில் கணினி கைமாறும்போது உரிமமும் கூடவே வருகிறது. ‘ரீற்றெயில்’ என்று இருந்தால் தனியாக வாங்கப்பட்ட உரிமம்; அதை வாங்கியவர் ஒரு கணினியிலிருந்து நீக்கி வேறொன்றுக்குக் கொண்டு செல்லலாம். ‘வொலியூம் எம்.ஏ.கே.’ அல்லது ‘வொலியூம் கே.எம்.எஸ். கிளையன்ற்’ என்று இருந்தால், அது ஏதோ ஒரு நிறுவனத்துக்குரியது. உங்களுக்கு விற்க அந்தக் கடைக்கு உரிமையில்லை.

அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துகளும் காட்டப்படும். அவை 2ஒய்ரி43 என்று முடிந்தால் எண்டர்பிரைஸ் பதிப்புக்கும், ரி83ஜிஎக்ஸ் என்று முடிந்தால் புறொபெசனல் பதிப்புக்கும், கே.எம்.எஸ். முறைக்கென மைக்ரோசொப்ட் தனது ஆவணங்களில் பகிரங்கமாக வெளியிட்டிருக்கும் பொதுக் கீ அது. எவரும் எடுத்து இடலாம். அதற்கென எவரும் பணம் வாங்க நியாயமில்லை. கடையில் இட்ட கீ எனது கணினிகள் ஆறிலும் 2ஒய்ரி43 என்றுதான் முடிந்திருந்தது. கே.எம்.எஸ். கணினியில் இந்தப் பெட்டி சற்று நீளமாக இருக்கும். உரிமம் முடிவதற்கு எஞ்சியுள்ள காலத்தை நிமிடங்களில் காட்டும். புதிதாகப் புதுப்பிக்கப்பட்டதாயின் 259200 நிமிடங்கள் என்று இருக்கும். 180 நாள்களின் கணக்கு அது. புதுப்பிக்கும் இடைவெளி 10080 நிமிடங்கள் என்றும் இருக்கும். மாறாக, கடைசி ஐந்து எழுத்துகள் 3வி66ரி என்று இருந்தால், அது புறொபெசனல் பதிப்பின் டிஜிட்டல் உரிமங்களுக்கான பொதுக் கீ. அத்தகைய கணினியின் உண்மையான உரிமம் மைக்ரோசொப்டின் சேவையகத்தில் அந்த வன்பொருளோடு பதியப்பட்டிருக்கும். விண்டோஸ் 7இலிருந்து முறையாக மேம்படுத்தப்பட்ட கணினியிலும் அதையே காணலாம். ஆகவே அந்த ஐந்து எழுத்துகளும் ரீற்றெயில் என்ற சொல்லும் சேர்ந்திருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது, வாங்கிய ஆதாரத்தையும் கேட்க வேண்டும்.

இனி, கணினியின் பின்பக்கத்தையோ கீயையோ தொடாமல் பார்க்கக்கூடிய புரொடக்ற் ஐ.டி. பற்றிச் சொல்ல வேண்டும். அமைப்புகளில் ‘சிஸ்ரம்’ பகுதியில் ‘எபவுட்’ பக்கத்தில் அது இருக்கும். பலர் இதையும் கீயையும் ஒன்று என்று நினைத்துக் குழம்புகிறார்கள். கீ என்பது ஐந்து ஐந்தாகப் பிரித்த 25 எழுத்துகள். புரொடக்ற் ஐ.டி. என்பது விண்டோஸை நிறுவும்போது கீயிலிருந்து உருவாக்கப்படும், நான்கு தொகுதிகள் கொண்ட ஒரு அடையாளம். அதை வைத்து வேறொரு கணினியைச் செயற்படுத்த முடியாது. ஆயினும் அது எந்த வகைக் கீயிலிருந்து பிறந்தது என்பதன் தடயம் அதில் ஒட்டியிருக்கும். பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கணினிகளில் இது மிகத் தெளிவாக இருந்தது. இரண்டாவது தொகுதியில் ஓ.ஈ.எம். என்ற மூன்று எழுத்துகள் இருந்தால் தயாரிப்பாளரின் உரிமம், எக்ஸ்.பி. புறொபெசனலில் அந்த இடத்தில் 640 என்று இருந்தால் தொகுதி உரிமம். விண்டோஸ் 7இலும் ஓ.ஈ.எம். எழுத்துகள் அதே இடத்தில் இருந்தன. மூன்றாவது தொகுதி 8992 என்று தொடங்கினால், பெரிய தயாரிப்பாளர் ஒருவர் தனது கணினிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இட்ட கீயிலிருந்து வந்தது அது. விண்டோஸ் 10இலும் 11இலும் எழுத்துகள் கடைசித் தொகுதிக்கு இடம்மாறிவிட்டன: முடிவில் ஏ.ஏ.ஓ.ஈ.எம். என்று இருந்தால் தயாரிப்பாளரின் கீ. முதல் தொகுதி பதிப்பைச் சுட்டும்; 00330 என்று தொடங்குவதைப் புறொபெசனலிலும், 00325 என்பதை ஹோமிலும், 00329 என்பதை எண்டர்பிரைஸிலும் காணலாம்.

எனது ஆறு கணினிகளிலும் கடையில் இட்ட கீ இருந்தபோது காட்டிய ஐ.டி.களை ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியபோது, எல்லாமே 00329-00000-00003-ஏ.ஏ. என்று தொடங்கின, இறுதி மூன்று இலக்கங்கள் மட்டும் வேறுபட்டன. வேறுபட்ட ஆறு கணினிகளுக்கும் ஒரே கீயைத்தான் இட்டிருக்கிறார்கள் என்பது அந்தத் தாளைப் பார்த்தவுடன் விளங்கியது. எண்டர்பிரைஸ் பதிப்பு கடையில் தனி ஒருவருக்குப் பெட்டியில் விற்கப்படும் பொருள் அல்ல. கணினித் தயாரிப்பாளர்களும் அதை இட்டு விற்பதில்லை. பாவித்த கணினியொன்றில் எண்டர்பிரைஸ் என்ற சொல்லைக் கண்டாலே, அதை இட்டது யார் என்று கேட்பதற்கு அது போதும். ஐ.டி.யின் தொடக்கம் பல கணினிகளில் ஒத்திருப்பது மட்டும் குற்றமென்று சொல்லிவிட முடியாது. டிஜிட்டல் உரிமம் உள்ள கணினிகளிலும் பொதுக் கீ காரணமாக 00330-80000-00000 என்று பலவற்றில் ஒரே மாதிரி வரும். அதனால்தான் ஐ.டி.யையும் சனல் வரியையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறேன்.

எனக்கு வழி திறந்தது இதற்குப் பிறகுதான். கொக்குவிலில் இருக்கும், கணினி திருத்தும் ஒரு தம்பியிடம் இந்தத் தாளைக் காட்டினேன். அவர் கணினிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறிய மைக்ரோசொப்ட் ஒட்டியைக் காட்டி, “அக்கா, இதில கீ அச்சடிச்சிருக்காது, ஆனா உள்ளுக்க இருக்கும், பாப்பம்” என்றார். விண்டோஸ் 7 காலத்து ஒட்டியில் கீ அச்சிடப்பட்டிருந்தது. பின்னாளைய ஒட்டிகளில் அது இல்லை, நிலைப்பொருளில்தான் இருக்கிறது. விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லைத் திறந்து, ‘சொப்ட்வெயார் லைசன்சிங் சேர்விஸ்’ என்ற வகுப்பிடம் ‘ஓ.ஏ.3.எக்ஸ். ஒறிஜினல் புரொடக்ற் கீ’ என்ற பெறுமதியைக் கேட்டால் அது திரையில் வந்துவிடும். உங்கள் தொழினுட்பவியலாளரிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொன்னால் அவருக்குப் போதும். ஆறில் ஐந்து கணினிகளில் கீ வந்தது. ஒன்றில் மட்டும் வெற்று வரி. அந்தக் கணினியின் தாய்ப்பலகை எப்போதோ மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்றார். வந்த ஐந்தில் நான்கு புறொபெசனலுக்குரியவை, ஒன்று ஹோமுக்குரியது. ஆக, ஐந்து கணினிகளுக்கு முறையான உரிமம் தொழிற்சாலையிலிருந்தே இருந்திருக்கிறது. அந்த உரிமத்தை மூடிவிட்டு, முன்பே தயாரித்து வைத்த ஒரே விண்டோஸ் பிரதியை எல்லாவற்றிலும் ஏற்றி, அதற்கு என்னிடம் 6,000 ரூபா வீதம் வாங்கியிருக்கிறார்கள். இதை அறிந்தபோது வந்த ஆத்திரம் இன்றும் முழுமையாக அடங்கவில்லை.

மீட்ட விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் கோப்புகளையும், எழுத்துருக்களையும், விசைப்பலகை அமைப்புகளையும் வெளி வன்தட்டுக்கு எடுத்துவிட்டு, கணினிகளின் வன்தட்டுகளில் இருந்தவற்றை முற்றாக அழித்து, மைக்ரோசொப்டின் தளத்திலிருந்தே இறக்கிய நிறுவியால் விண்டோஸை நிறுவினோம். நிலைப்பொருளில் உள்ள கீயை நிறுவி தானே வாசித்துப் பதிப்பையும் தெரிவுசெய்து, இணையத்தோடு இணைத்தவுடன் செயற்படுத்திக்கொண்டது. ஹோம் கீ உள்ள கணினிக்கு ஹோம் பதிப்பையே விட்டோம்; அதில் புறொபெசனலை நிறுவினால் அந்தக் கீ பொருந்தாது. வெற்று வரி வந்த கணினியில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, ஸ்கான் செய்வதற்கும் மின்னஞ்சலுக்கும் வைத்திருக்கிறோம். வேலைக்கூலி ஆறுக்கும் 9,000 ரூபா. நான் மனமுவந்து கொடுத்த பணம் அது ஒன்றுதான். ஆனால் அதற்கிடையில் இரண்டு ஆய்வேடுகளுக்கு வாங்கியிருந்த முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அந்த மாணவர்களை வேறிடத்துக்கு அனுப்ப நேர்ந்தது. அவர்களுக்கு ஏற்பட்ட அந்தரத்தை நினைக்கும்போது இப்போதும் கவலையாக இருக்கிறது.

ஒபிஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு இடப்பட்டிருந்தது ‘புறொபெசனல் பிளஸ்’. இந்தப் பதிப்பு நிறுவனங்களுக்கான தொகுதி உரிமத்துக்கென உள்ளது; தனியாள்களுக்குக் கடையில் விற்கப்படுவதில்லை. ஒபிஸ் நிறுவப்பட்ட கோப்புறையில் ஓ.எஸ்.பி.பி. என்ற பெயரில் ஒரு சிறு நிரல் இருக்கும். கட்டளைச் சாளரத்தில் அதை ‘டி-ஸ்டேற்றஸ்’ என்ற தெரிவோடு இயக்கினால் உரிமத்தின் பெயரும் சனலும் வரும். பெயரில் ‘புறோ பிளஸ்’ என்பதும் ‘வி.எல்.’ என்பதும் இருந்தால் தொகுதி உரிமம். ‘ஹோம் பிஸ்னஸ்’ என்றும் ‘ரீற்றெயில்’ என்றும் இருந்தால் தனியாக வாங்கியது. ஆய்வேடுகளுக்கு வேர்ட் இல்லாமல் முடியாது என்பதால், ஒரு கணினிக்கு மட்டும் ஹோம் அண்ட் பிஸ்னஸ் வாங்கினேன். மற்றவற்றில் இலவசமான லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. நினைவு மலர்களின் பாமினி எழுத்துருப் பிரதிகள் அதில் சிக்கலின்றித் திறக்கின்றன. சிக்கலான அட்டவணைகள் உள்ள ஆய்வேடுகள் மட்டும் சற்றுக் குழம்புகின்றன.

விலையும் ஒரு சான்றுதான். விண்டோஸ் 11 ஹோமுக்கு மைக்ரோசொப்ட் நிர்ணயித்த விலை 139 அமெரிக்க டொலர், புறொபெசனலுக்கு 199.99 டொலர். டொலர் 300 ரூபா அளவில் நிற்கும்போது, புதிய ரீற்றெயில் உரிமம் 3,500 ரூபாவுக்கு எப்படி வரும் என்று விற்பவரிடமே கேளுங்கள். எங்கள் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. பணம் கொடுத்து ஏமாந்தவர் என்றாலும், உரிமமற்ற மென்பொருளில் தொழில் நடத்துகிற நிலையில் நான் நின்றேன் என்பது எனக்குப் பெரும் உறுத்தலாக இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம் என்று கடைக்காரரிடம் சொன்ன பிறகே அவர் இறங்கி வந்தார். 36,000 ரூபாவில் 12,000 ரூபா திரும்பக் கிடைத்தது. மிகுதிக்கு நான் வாதாட முடியாமற் போனதற்குக் காரணம் அந்தப் பற்றுச்சீட்டு. ‘சொப்ட்வெயார்’ என்ற சொல்லை வைத்து இன்ன உரிமத்தை விற்றார் என்று எப்படி நிறுவுவது? கீ விற்றவரிடமிருந்து 21,000 ரூபாவில் ஒரு சதமும் வரவில்லை.

அண்மையில் எனது பெறாமகளுக்கு ஒரு பாவித்த மடிக்கணினி வாங்க வேண்டி வந்தது. முதல் கடையில் சனல் வரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது, தேவையில்லாத கேள்வி என்று முகம் சுளித்தார்கள், வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடையில் இருந்த ஐயா தாமே கட்டளையை இயக்கிக் காட்டினார். ‘ஓ.ஈ.எம். டி.எம்.’ என்று இருந்தது, ஐ.டி.யும் ஏ.ஏ.ஓ.ஈ.எம். என்று முடிந்தது. பற்றுச்சீட்டில் விண்டோஸ் 11 ஹோம், ஓ.ஈ.எம். உரிமம், புரொடக்ற் ஐ.டி., கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் ஆகிய நான்கையும் எழுதித் தரும்படி கேட்டேன். முழுக் கீயை எழுத வேண்டாம் என்றும் சொன்னேன். அந்தச் சீட்டு யார் கையில் அகப்பட்டாலும் ஆபத்தில்லை. அவர் மறுக்காமல் எழுதி, கடையின் முத்திரையையும் குத்திக் கொடுத்தார்.